பாபநாசம் வரை ஒரு டிக்கெட்

எங்கள் பள்ளிக்கூட வாசலிலிருந்து கிழக்கே நடந்தால் இரண்டு வேப்பமரங்கள், ஒரு சைக்கிள் கடை, அதற்கப்புறம் ஒரு பெட்டிக்கடை. கல்வி நிலையங்களைச் சுற்றி நூறு கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது 2003-ஆம் ஆண்டுச் சட்டம். கடைக்காரர் சட்டம் படித்தவரோ இல்லையோ, கடை கணக்காக நூற்றுப் பத்துக் கஜத்தில் இருந்தது. ஒரு மழைக்கால மதியம் வேலையில்லாமல் அடி அளந்து பார்த்திருக்கிறேன். நான் சமூக அறிவியல் ஆசிரியன். குடிமக்களின் கடமைகளைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, இடைவேளை மணி அடித்ததும் அந்த நூற்றுப் பத்துக் கஜத்தையும் நடந்து, கடையின் பின்பக்கம் தட்டி மறைவில் நின்று புகைத்தவன். கடையோரம் தொங்கும் கயிற்றின் நுனியில் எப்போதும் நெருப்புக் கனன்றுகொண்டிருக்கும். கயிற்றைத் தூக்கிப் பற்றவைத்து ஓர் இழுப்பு இழுக்கும்போது பையன்கள் யாராவது கடலை மிட்டாய் வாங்க வந்துவிட்டால், சிகரெட் அப்படியே உள்ளங்கைக்குள் போய்விடும். வலது கையில் மிளகளவுக்கு ஒரு தழும்பு இன்னும் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடங்கள் இப்படி ஓடின. விட்டுப் பார்க்காமல் இல்லை. ஐந்து முறை விட்டிருக்கிறேன். புத்தாண்டுக்கு இரண்டு முறை. மகள் பிறந்தபோது ஒரு முறை. 2020 ஊரடங்கில் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தபோது ஒரு முறை. அதை விட்டது என்று சொல்வது நியாயமில்லை, கிடைக்கவில்லை, அவ்வளவுதான். ஐந்தாவது முறையைப் பற்றித்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சபரிமலைக்கு மாலை போட்டிருந்தேன். நாற்பத்தொரு நாள். முதல் இரண்டு நாள் தலைவலி, மூன்றாம் நாள் வகுப்பில் ஒரு பையனைக் காரணமில்லாமல் திட்டினேன். அதற்கப்புறம் ஒன்றுமில்லை. உண்மையிலேயே ஒன்றுமில்லை. கறுப்பு வேட்டியோடு அந்தப் பெட்டிக்கடை வழியாகப் போனால், பத்து வருடமாக எனக்குக் கடன் கொடுத்த அதே கடைக்காரர் எழுந்து நின்று, “சாமி, என்ன வேண்டும்?” என்பார். சிகரெட் கேட்க வாய் வருமா? தெருவே என்னைச் சாமி என்றது. சாயங்காலம் பஜனைக்குப் போனால் பதினேழு சாமிகள், அவர்களில் பாதிப் பேர் என்னைப்போலவே புகைப்பவர்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே நாற்பத்தொரு நாளைக் கடத்தினோம். ஊர் திரும்பி மாலையைக் கழற்றிச் சாமி படத்தில் மாட்டினேன். அரை மணி நேரத்தில் அந்தக் கை கயிற்றைத் தூக்கிக்கொண்டிருந்தது. கடைக்காரர் உட்கார்ந்தபடியே, “வாருங்கள் சார், ஃபில்டர்தானே?” என்றார்.

அதை நீண்ட நாள் பக்தியின் கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். ஐயப்பன் பார்த்துக்கொண்டான், மாலை இறங்கியதும் கைவிட்டான் என்று. பார்த்துக்கொண்டது அந்தப் பதினேழு பேர் என்பது வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. நாற்பத்திரண்டாம் நாள் காலையில் அவர்களில் ஒருவரும் பக்கத்தில் இல்லை.

கடைசியில் என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியது நெஞ்சு வலியோ இருமலோ அல்ல. ஆறாம் வகுப்பில் முதல் பெஞ்சுப் பையன் ஒருவன். நோட்டைத் திருத்த அவன் பக்கம் குனிந்தேன். “சார், உங்கள் மேல் எங்கள் தாத்தா வாசனை வருகிறது” என்றான். பாசமாகத்தான் சொன்னான். தாத்தா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். “செத்துப்போய்விட்டார் சார், மூச்சு முட்டி” என்றான்.

புகையிலைப் பழக்கத்தை நிறுத்த உதவும் பிரிவு இருந்த ஓர் ஆஸ்பத்திரி. காலை பத்து மணிக்கு மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆலோசகர் இளம்பெண், என் பழைய மாணவிகள் வயது. ஒரு கருவியில் ஊதச் சொன்னார். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அது காட்டும். பத்தைத் தாண்டினால் புகைப்பவர் என்று அர்த்தமாம். எனக்குப் பத்தொன்பது. எனக்கு முன்னால் ஊதிய பெரியவருக்கு இருபத்தேழு. “பீடியா?” என்று கேட்டார் அந்தப் பெண், எண்ணைப் பார்த்தே. பெரியவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். ஒரு நாள் குடிக்காமல் இருந்தால் போதும், இந்த எண் சாதாரண அளவுக்கு இறங்கிவிடும் என்றார் ஆலோசகர். ஆசை வந்தால் உடனே இணங்காமல் தள்ளிப்போடுங்கள், தண்ணீர் குடியுங்கள், மூச்சை ஆழமாக இழுத்து விடுங்கள், வேறு வேலையில் இறங்குங்கள் என்று நான்கு சொன்னார். எல்லாம் சரியான சொற்கள்தான். சரியான சொற்களை நாளெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்குகிற எனக்கு, அவை காதில் நுழைந்து எங்கே போய்விடும் என்பதும் தெரியும்.

வெளியே வந்து, வாசலில் இருந்த டீக்கடையில் மூவரும் தனித்தனியாக டீ சொன்னோம். பெஞ்சில் அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் என்ற அளவுதான் பழக்கம். வலது கையில் டம்ளர் வந்தது. இடது கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது, வெறுமனே திரும்பியது. பார்த்தால் மற்ற இருவரின் இடது கையும் அதே பயணம் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. பெரியவர் தன் கையை விரித்துப் பார்த்துவிட்டு, “இந்தக் கையை இனி என்ன செய்வது?” என்றார். மூன்று பேரும் சிரித்தோம். நான் புகையை விட்ட கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

பெரியவர் ஓய்வுபெற்ற கண்டக்டர். திருநெல்வேலியிலிருந்து பாபநாசம் போகும் வழித்தடத்தில் முப்பத்தொரு வருடம். அறுபத்து நான்கு வயது, நாளைக்கு இரண்டு கட்டுப் பீடி. நானும் மற்றவரும் அவரை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தோம். மற்றவர் முருகன்குறிச்சிப் பக்கம் மாடிப்படிக்குக் கீழே தையல் கடை வைத்திருப்பவர், முப்பத்தைந்து வயது. அவர் எங்களுக்குத் தம்பி ஆனார். அவர் ஆஸ்பத்திரிக்கு வந்த காரணம் விசித்திரமானது. கல்யாணப்பெண் ஒருத்தியின் பட்டு ரவிக்கையில் சிகரெட் பொறி விழுந்து, கையில் உளுந்தளவு ஓட்டை. இரவு முழுக்க உட்கார்ந்து அந்த ஓட்டைமேல் சரிகையில் ஒரு பூ போட்டிருக்கிறார். ஒரு கைக்கு மட்டும் பூ இருந்தால் கேள்வி வரும் என்று மறு கைக்கும் ஒன்று. பெண் வீட்டார் மகிழ்ந்துபோய்க் கூடுதலாக நூறு ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். “அந்த நூறு ரூபாயை வாங்கியபோதுதான் சார், என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது” என்றார் தம்பி.

அண்ணாச்சிக்கு இதில் முன் அனுபவம் இருந்தது. பதினான்கு வருடத்துக்கு முன் குடியை விட்டவர். குடிநோயாளிகள் தமக்குள் கூடிப் பேசிக்கொள்ளும் கூட்டங்களுக்குப் போய் விட்டவர். அந்தக் கூட்டங்களின் பிறப்புக் கதையை நான் பிறகு தேடிப் படித்தேன். 1935-ஆம் ஆண்டு மே மாதம், அமெரிக்காவில் ஆக்ரன் என்ற நகரத்து விடுதிக் கூடம் ஒன்றில் பில் வில்சன் என்பவர் நிற்கிறார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகின்றன. வந்த வியாபாரம் கெட்டுவிட்டது, ஊரில் தெரிந்தவர் யாருமில்லை, மதுக்கூடத்துச் சத்தம் காதில் விழுகிறது. அவர் தொலைபேசிப் பக்கம் போய், இந்த ஊரில் என்னைப்போல் குடியோடு மல்லுக்கட்டுகிறவர் யாராவது இருக்கிறாரா என்று விசாரிக்கத் தொடங்கினார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற மருத்துவர். அவரிடம் பேசியதால் தன் தாகம் அன்று அடங்கியது என்பதுதான் வில்சன் கண்டுகொண்டது. அவர் போனது மருத்துவரைத் திருத்த அல்ல, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள. இந்தக் கதையில் என்னை இன்னும் அதிகம் தொட்டது வேறொன்று. உலகம் முழுக்கக் குடியை விட வழி காட்டிய அதே வில்சன், சிகரெட்டை நெடுங்காலம் விட முடியாமல் நுரையீரல் கெட்டு 1971-இல் இறந்துபோனார். அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. “எங்கள் கூட்டத்திலும் அப்படித்தான் சார். உள்ளே குடியைப் பற்றிப் பேசுவோம், இடைவேளையில் வெளியே வந்து எல்லோரும் பீடியைப் பற்றவைப்போம்” என்றார்.

அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. ஆசை வந்தால் மற்ற இருவரில் யாருக்காவது மிஸ்டு கால் கொடுக்க வேண்டும். ஒரே மணி. அவர் திருப்பிக் கூப்பிட வேண்டும். சிகரெட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசக் கூடாது. வேறு எதையாவது ஐந்து நிமிடம் பேச வேண்டும். ஆசை அலை மாதிரி ஏறி மூன்று, நான்கு, மிஞ்சினால் ஐந்து நிமிடத்தில் இறங்கிவிடும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள். இப்போது யாருக்கும் போன் காசு ஒரு பொருட்டில்லை, எதற்கு மிஸ்டு கால் என்று தம்பி கேட்டார். நாட்பட்டுத்தான் எனக்கு விளங்கியது. முடியவில்லை, கொஞ்சம் கைகொடுங்கள் என்ற சொல் ஆண்பிள்ளைகள் வாயில் எளிதில் வராது. ஒரு மணி அடித்து வைப்பதற்கு வாய் தேவையில்லை.

முதல் மிஸ்டு கால் நான் கொடுத்ததுதான். இரண்டாம் நாள், மதியம் பன்னிரண்டே முக்கால், பள்ளிக் கழிப்பறைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு. நிக்கோடின் இரத்தத்தில் பாதியாகக் குறைய இரண்டு மணி நேரம்தான் ஆகும். அதனால் முதல் மூன்று நாளில் உடம்பு போடும் கூச்சல்தான் பெரிது. அண்ணாச்சி கூப்பிட்டார். என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியவில்லை. சற்று நேரம் அவர் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவர் சொன்னார்: “ஜங்ஷனில் வண்டி எடுத்தாகிவிட்டது, சார். ஏறுங்கள்.”

அப்புறம் நிறுத்தம் நிறுத்தமாகப் போனார். பேட்டையில் காலேஜ் பையன்கள் படியில் தொங்குவார்கள், உள்ளே போகச் சொன்னால் காது கேட்காத மாதிரி நிற்பார்கள். பத்தமடையில் ஒரு பாட்டி பாய்க்கட்டோடு ஏறுவாள், லக்கேஜ் டிக்கெட் போட்டால், “பாய்க்கு எதற்கடா டிக்கெட், பாயா உட்கார்ந்து வருகிறது?” என்று சேரன்மகாதேவி வரை சண்டை பிடிப்பாள். வீரவநல்லூரில் நெசவுக்காரர்கள் சேலை மூட்டையோடு. கல்லிடைக்குறிச்சியில் அப்பளக் கூடைகள். அவற்றின் மேல் யாரும் கால் வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி அம்பாசமுத்திரத்தைத் தொடும்போது நான் கழிப்பறைச் சுவரை விட்டு நகர்ந்து ஆசிரியர் அறை வாசலுக்கு வந்திருந்தேன். விக்கிரமசிங்கபுரத்தில் மில் ஆட்கள் இறங்கினார்கள். பாபநாசத்தில் ஆறு, படித்துறை, காலைக் கடிக்கும் மீன்கள். “இறங்குங்கள் சார், வண்டி திரும்ப வேண்டும்” என்று சொல்லி வைத்துவிட்டார். மணி பன்னிரண்டு ஐம்பத்திரண்டு.

அந்த முதல் மாதத்தில் எத்தனை முறை பாபநாசம் போயிருப்பேன் என்று கணக்கில்லை. தம்பிக்கு அண்ணாச்சியின் பஸ் பிடிக்கவில்லை. அவருக்கு நான் பாடம் நடத்த வேண்டும். பத்தாம் வகுப்போடு நின்றவர். பானிப்பட்டுப் போர் மூன்றையும் ஐந்தைந்து நிமிடமாகத் தவணை முறையில் கேட்டு முடித்தார். அண்ணாச்சிக்கு ஆசை வந்தால் தம்பி கூப்பிட்டு, எந்த வாடிக்கையாளர் எந்த அளவுச் சட்டையைக் கொண்டுவந்து எந்த அளவில் தைக்கச் சொல்கிறார் என்று புலம்புவார். ஒருவர் மிஸ்டு கால் கொடுத்தால் மற்றவர் திருப்பிக் கூப்பிட வேண்டும் என்று விதி இருந்தாலும், கூப்பிடுகிறவருக்குத்தான் அதில் பலன் அதிகம் என்பது இரண்டாம் வாரத்தில் புரிந்துவிட்டது. பானிப்பட்டுக்கு நடுவில் எனக்குச் சிகரெட் எங்கே நினைவு வரும்?

சாயங்காலம் பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தைச் சுற்றி மூவரும் நடந்தோம். அங்கே பேசியவற்றில் பாதியை இங்கே எழுத முடியாது. மலச்சிக்கல் உட்பட. புகையை நிறுத்தினால் சிலருக்கு அது வரும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நான்காம் நாள் அண்ணாச்சி மைதானத்தின் நடுவில் நின்று உரத்த குரலில் விசாரித்தபோதுதான் தெரிந்தது, எனக்கும் தம்பிக்கும் அதே கதி என்று. கனவு இன்னொன்று. வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டே சிகரெட் பிடிப்பதாகவும், பையன்கள் எல்லோரும் எழுந்து நிற்பதாகவும் கனவு கண்டு, விடிகாலை மூன்று மணிக்கு வியர்த்து எழுந்து என் விரலை நானே முகர்ந்து பார்த்தேன். மனைவியிடம் சொல்லக் கூச்சம். அன்று சாயங்காலம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். தம்பி நடப்பதை நிறுத்திவிட்டார். “உங்களுக்குமா சார்?” என்றார். அந்தக் கேள்விக்கு முன்னால், ஆலோசனைகள் அத்தனையும் வெறும் துண்டுப் பிரசுரம்தான்.

எனக்கும் உண்டு என்று சொல்லாமல், மனசு வைத்தால் முடியாததா என்று தொடங்குகிறவர்களை என்னால் பொறுக்க முடிவதில்லை. அவர்கள் ஒரு நாளும் புகைத்திராதவர்களாக இருப்பார்கள். நல்லவர்கள். நீச்சல் தெரியாமல் கரையில் நின்று, கையை வீசி அடி என்று கத்துகிறவர்களும் நல்லவர்கள்தான்.

ஆனால் எங்களுக்குள் எல்லாம் தெரிந்துவிட்டது என்றும் இல்லை. தம்பிக்கு இரண்டாம் வாரத்தில் கை நடுங்கத் தொடங்கியது. ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. புகையை விட்டதால் நரம்பு தளர்ந்துவிட்டது, மறுபடி ஆரம்பித்தால்தான் சரியாகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூவருக்கும் பதில் தெரியவில்லை. அப்போதுதான் 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிட்டோம். 2018 முதல் சிகரெட் பெட்டிகளில் அச்சாகும் எண் அது, தமிழிலும் பேசுவார்கள். நான் அதைக் கண்ணாலும் கண்டதில்லை. சில்லறையாக ஒன்று, இரண்டு என்று வாங்குகிறவன் கைக்குப் பெட்டி எங்கே வருகிறது? பெட்டியில் எண்பத்தைந்து சதவீதம் எச்சரிக்கை இருக்கட்டும். எனக்குக் கிடைப்பது வெள்ளைக் குச்சி மட்டும்தான். எதிர்முனையில் இருந்தவர் தம்பியிடம் கேட்ட முதல் கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை டீ? எட்டு, ஒன்பது என்றார். புகை உள்ளே போய்க்கொண்டிருக்கும்வரை உடம்பு காஃபீனை வேகமாகக் கரைத்து வெளியேற்றும். புகை நின்றதும் அந்த வேகம் குறைந்து, அதே எட்டு டீ அதிகப்படியாகிவிடும், பாதியாகக் குறையுங்கள் என்றார். நான்கு நாளில் நடுக்கம் நின்றது. தோழமை எல்லாம் சரி. தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்வதும் வேண்டும். நிக்கோடின் சூயிங்கம்மும் அப்படித்தான். இரண்டு மில்லிகிராம் மருந்துச் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது. நான் அதை மிட்டாய் மாதிரி விடாமல் மென்று, ஒரு முழுப் பாடவேளையும் விக்கிக்கொண்டு நின்றேன். கொஞ்சம் மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிவிட வேண்டுமாம். வெற்றிலை போட்டுப் பழகிய அண்ணாச்சிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

சமூக அறிவியல் வாத்தியார் என்பதால் ஓர் ஆராய்ச்சியைச் சொல்லாமல் விட மனமில்லை. அமெரிக்காவின் ஃபிராமிங்காம் நகரத்தில் தலைமுறைகளாகத் தொடரும் இதயநோய் ஆய்வு ஒன்று உண்டு. அதன் பதிவேடுகளிலிருந்து 12,067 பேரின் உறவு, நட்பு வலையை எடுத்து, 1971 முதல் 2003 வரை அவர்களில் யார் யார் எப்போது புகையை விட்டார்கள் என்று நிக்கோலஸ் கிறிஸ்டாகிஸ், ஜேம்ஸ் ஃபௌலர் என்ற இருவர் பார்த்தார்கள். 2008-இல் வெளியானது. மனிதர்கள் ஒற்றையொற்றையாக விடவில்லை, கூட்டம் கூட்டமாக விட்டிருக்கிறார்கள். கணவனோ மனைவியோ விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 67 சதவீதம் குறைந்தது. நண்பர் விட்டால் 36 சதவீதம். விடாதவர்கள் மெல்ல மெல்ல வலையின் ஓரத்துக்குத் தள்ளப்பட்டார்கள். கடைசி வரியைப் படித்ததும் எனக்குத் தட்டி மறைவுதான் ஞாபகம் வந்தது. நான் பணியில் சேர்ந்தபோது அந்தத் தட்டிக்குப் பின்னால் ஐந்து ஆசிரியர்கள் நிற்போம். ஒருவர் ஓய்வுபெற்றார், ஒருவர் இறந்தார், இருவர் விட்டார்கள். கடைசி நான்கு வருடமும் நான் மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சிகரெட்டில் எனக்குப் பிடித்தது அந்த ஐந்து பேர்தான். அவர்கள் போன பிறகும் பழக்கம் மட்டும் பாக்கி நின்றது.

இதெல்லாம் என் அம்மாவுக்குச் சொல்லத் தேவையில்லாத சேதி. ஆலங்குளம் பக்கத்துக் கிராமத்தில் முப்பது வருடம் பீடி சுற்றியவர் அம்மா. முந்தின இரவே நனைத்து ஈரத்துணியில் சுற்றி வைத்த இலையைத் தகர அளவை வைத்துக் கத்தரியால் வெட்டுவார். மடியில் முறம், முறத்தின் மூலையில் தூள். இலையை இடது கையில் விரித்து, தூளைச் சிட்டிகை எடுத்துப் பரப்பி, உருட்டி, வாயை நகத்தால் மடக்கி, நூலால் இரண்டு சுற்று. இருபத்தைந்துக்கு ஒரு கட்டு, ஆயிரத்துக்கு நாற்பது கட்டு. கடையில் கொடுத்தால் கணக்குப்பிள்ளை நான்கைந்து கட்டைக் கழித்துத் தள்ளுவார். நான் பி.எட். படித்த காசு அதிலிருந்து வந்தது. சமையல் முடிந்ததும் அம்மா முறத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவார். அங்கே ஏழெட்டுப் பெண்கள். இங்கேயே உட்கார்ந்து சுற்றினால் என்ன என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். “தனியாக உட்கார்ந்தால் ஐந்நூறுகூட ஓடாதடா” என்பார்.

எட்டாவது மாதம் நான் சறுக்கினேன். ஊரில் மாமா இறந்துபோனார். துட்டி வீட்டு முற்றத்தில் தட்டு வைத்திருந்தார்கள்: வெற்றிலை, பாக்கு, பிரித்து வைத்த பீடிக்கட்டு. நான் சிகரெட்காரன், பீடி பக்கம் போனதில்லை. அன்று யாரோ பற்றவைத்த பீடி என் பக்கம் வந்தது. அந்தத் தூள் வாசனை அம்மாவின் மடி வாசனை. இரண்டு குடித்தேன். திரும்பி வந்து ஒன்பது நாள் யாரிடமும் சொல்லவில்லை. மிஸ்டு காலும் கொடுக்கவில்லை; வந்தவற்றுக்கு மட்டும் ஒழுங்காகத் திருப்பிக் கூப்பிட்டுப் போர்களை நடத்திக்கொண்டிருந்தேன். மனைவி சட்டையை முகர்ந்து பார்த்தாலும் துட்டி வீட்டு வாசனை என்று சொல்லிக்கொள்ளலாம். பீடிக்காரரிடம் அது செல்லுமா? பத்தாம் நாள் மைதானத்தில் அண்ணாச்சி என் முகத்தைப் பார்க்காமல் நடந்துகொண்டே கேட்டார்.

“எத்தனை, சார்?”

“இரண்டு.”

“மூன்றாவதை ஏன் குடிக்கவில்லை?”

யாரும் என்னிடம் கேட்டிராத கேள்வி. யோசித்துப் பார்த்து உண்மையைச் சொன்னேன்: “மூன்று என்று உங்களிடம் சொல்ல வேண்டியிருக்குமே, இரண்டென்றால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும் என்று நினைத்தேன்.” அண்ணாச்சி சிரித்த சிரிப்பில் இருமல் வந்து, இன்ஹேலரை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

தம்பிதான் கறாராக இருந்தார். அவர் கடையில் மிஷினுக்குப் பின்னால் சுவரில், துணியில் குறி போடும் சுண்ணக்கட்டியால் மூன்று வரிசை கோடுகள்: ஒருவருக்கு ஒரு வரிசை, நான்கு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. என் வரிசையை அழித்துவிட்டு ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றார். இருநூற்றுச் சொச்சம் நாள் குடிக்காமல் இருந்தது பொய்யாகிவிடுமா என்று அண்ணாச்சி வாதாடினார். ஒரு மணி நேரம் எனக்காக இருவரும் சண்டை போட்டார்கள். நான் குற்றவாளி மாதிரி பட்டன் டப்பாவைக் கிளறிக்கொண்டிருந்தேன். கடைசியில் தம்பி ஒரு விரற்கடை இடம் விட்டு அடுத்த கோட்டைப் போட்டார். அந்த இடைவெளி இன்னும் சுவரில் இருக்கிறது. நான் கடைக்குப் போகும்போதெல்லாம் முதலில் கண்ணில் படுவது அதுதான்.

நான்காவதாக ஒருவர் எங்களோடு சேர்ந்தார், அதையும் சொல்லிவிட வேண்டும். ஆட்டோ ஓட்டுகிறவர். ஆறு வாரம் வந்தார். பிறகு மறுபடி ஆரம்பித்துவிட்டார். தவறு பாதி எங்களுடையது. அந்தச் சமயத்தில் எங்களுக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது. மைதானத்து வாசலில் யார் பற்றவைத்தாலும் போய் உபதேசம் செய்துகொண்டிருந்தோம். முதல் தடவை அவர் சறுக்கியபோது, எத்தனை என்று கேட்கவில்லை, ஏன் என்று கேட்டோம். இப்போது எங்களைக் கண்டால் ஆட்டோவைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறார். அவர் எண் மூவரிடமும் இருக்கிறது. தீபாவளிக்கு அண்ணாச்சி கூப்பிட்டுப் பார்த்தார், எடுக்கவில்லை.

மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. மிஸ்டு கால்கள் அநேகமாக நின்றுவிட்டன. தம்பி தன் கோடுகளை ஆயிரத்தோடு நிறுத்திவிட்டுச் சுவருக்கு வெள்ளையடித்தார், என் இடைவெளியை மட்டும் சுற்றி விட்டுவிட்டு. அது கிண்டலா பாசமா என்று இதுவரை நான் கேட்கவில்லை.

போன மாதம் இரவு இரண்டேகாலுக்கு என் போன் ஒரு முறை அடித்து நின்றது. அண்ணாச்சி. அவர் வீட்டம்மாவை முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். திருப்பிக் கூப்பிட்டேன். பின்னால் டீக்கடை பாய்லர் சத்தமும் பேச்சுக்குரல்களும் கேட்டன. அந்த நேரத்தில் அந்த வாசலில் வேறு என்னென்ன விற்கும் என்று எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்க வாயெடுத்து, விதி நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன்.

“ஜங்ஷனில் வண்டி எடுத்தாகிவிட்டது, அண்ணாச்சி. ஏறுங்கள்.”

மூச்சு வாங்கும் சத்தம் மட்டும்.

“பேட்டை. பையன்கள் படியில் நிற்கிறார்கள், உள்ளே போகச் சொல்லிவிட்டேன். அடுத்தது சேரன்மகாதேவி. டிரைவர் டீ குடிக்க இறங்கியிருக்கிறார்.”

“சார்.”

“சொல்லுங்கள், அண்ணாச்சி.”

“பத்தமடையை எங்கே விட்டீர்கள்?”

தூக்கக் கலக்கத்தில் விட்டிருந்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் விடுவதாக இல்லை. முப்பத்தொரு வருடத்தில் ஒரு நிறுத்தத்தை அவர் அப்படித் தாண்டியதில்லையாம். அந்தப் பாட்டி வெயிலில் பாய்க்கட்டோடு நின்றுகொண்டிருப்பாளே, அவளை விட்டுவிட்டா வருவது, வாத்தியார் உத்தியோகம் பார்க்கிறவர் இப்படியா வண்டி ஓட்டுவது என்று குரல் ஏறியது. வண்டியைத் திருப்பச் சொன்னார். திருப்பினேன். பத்தமடைக்கு வந்து நிறுத்தினேன்.

“ஏற்றிவிட்டேன், அண்ணாச்சி.”

“லக்கேஜ் போட்டீர்களா?” என்றார்.